கண்ணாடியில் அண்ணன் வைத்த பொட்டு

எங்கள் காம்பராவுக்கு வெளிச்சம் வந்த அன்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு பொட்டுக்காகச் சண்டை வந்தது.

அப்போது நாங்கள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்தில் பன்னிரண்டு வீடு. கடைசிக் காம்பரா எங்களுடையது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். அண்ணனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சோலார் விற்கிற ஒரு கம்பெனியில் பூட்டிக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஊவாவில் கரண்டுக் கம்பி போகாத இடங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்க் கூரையில் ஏறிப் பூட்டிவிட்டு வருவார். எல்லாத் தோட்டத்திலும் அவருக்குச் சோலார் மாமா என்று பேர். அண்ணன் பேனல் வாங்கியபோதும் அவர்தான் வந்து பூட்டினார்.

அம்மா சந்தனமும் குங்குமமும் குழைத்த கிண்ணத்தோடு ஏணியில் ஏறிவிட்டாள். புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் கை வைக்க மாட்டார்கள். தையல் மெஷினுக்கு வைப்பார்கள், சைக்கிளுக்கு வைப்பார்கள், பக்கத்துக் காம்பராவில் பிளாஸ்டிக் வாளிக்குக்கூட வைத்தார்கள்.

"அக்கா, கண்ணாடி மேல வைக்காத! வேணும்னா ஓரத்துச் சட்டத்துல வை."

"மூஞ்சியில வைக்காமக் காதுலயாடா பொட்டு வைப்பாங்க?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கூரையில் குந்தியபடியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கம் சொன்னார்.

"இந்தா கட்டம் கட்டமா இருக்குல்ல, இதெல்லாம் மாலை கோத்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. ஒரு கட்டத்துல நெழல் விழுந்தாக்கூட மத்ததும் சேர்ந்து படுத்துரும். ஒரு எலை விழுந்து கெடந்தாப் போதும், அழுக்குப் படிஞ்சாப் போதும், ராத்திரிக்கு லைட்டு பாதிதான். பேனலு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவீங்க. பேனலு கெடாது. அழுக்குத்தான்."

இந்தப் பேச்சை நான் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் கண்ணெல்லாம் கன்ட்ரோலர் பெட்டியில் எரிந்த பச்சைப் புள்ளியில் இருந்தது.

அண்ணன்தான் சமாதானம் செய்தான். கண்ணாடியின் கீழ் மூலையில், கட்டம் எதுவும் இல்லாத வெள்ளை ஓரத்தைக் காட்டினான். "இங்க வச்சா ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?" மாமா சரி என்றார். அம்மா வைத்தாள். மூன்றாம் நாள் மழையில் அது கரைந்து போய்விட்டது. அம்மாவுக்கு மனசு சரியில்லை. பொட்டழிந்த சாமான் வீட்டுக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் ஸ்டோரில் மெஷினுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்டை ஒரு சிரட்டையில் கொஞ்சம் கொண்டு வந்தான். கட்டைவிரலை அதில் தோய்த்து அதே மூலையில் அழுத்தி வைத்தான்.

"இனி மழை இல்ல, பெரிய தொரையே வந்தாலும் அழிக்க முடியாது. போதுமாம்மா?"

காய்ந்த பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் ரேகை அப்படியே அதில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் எங்கள் வீட்டில் வெளிச்சம்தான். சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளை டீவியும் வந்தது. முன்திண்ணையான இஸ்தோப்பில் பாதி லயம் வந்து உட்கார்ந்திருக்கும். பெட்டரி இறங்குகிற நாளே கிடையாது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கூரைக்கு ஏறிவிடுவான். கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்குவான். ஒளிந்து பீடி குடிக்கத்தான் போகிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லியும் கொடுத்தேன்.

"ஸ்டோர் புகை பத்தாதுன்னு நீ வேற கூரை மேல ஏறிப் புகை விடுறியாடா?" என்று அம்மா கீழே நின்று கத்தினாள்.

"ஆமாம்மா, ஒரு கட்டு முடிஞ்சுருச்சு. இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு அந்தக் குட்டிப் பிசாசை."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் நான் நினைத்தது சரி என்றே இருந்துவிட்டேன்.

அண்ணன் இறந்தது ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது. கொஸ்லந்தைப் பக்கம் ஒரு வளைவில் லொறி கவிழ்ந்தது. ஏழு பேர் போனார்கள், ஆறு பேர் திரும்பி வந்தார்கள். இதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

அவனைக் கொண்டு வந்த ரோட்டில்தான் அம்மா தினமும் மலைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனவள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத வீட்டுக்குக் காம்பரா கிடையாது. மாமாதான் ஓடியாடிப் பதுளை டவுனில் எங்களுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். லொறி கூட்டி வந்தார். கூரையிலிருந்து பேனலைத் தன் கையாலேயே இறக்கினார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் இல்லையென்றால் நாங்கள் தெருவில் நின்றிருப்போம். வரும் வழியில் கயிறு இறுக்கியதில் பேனலின் அலுமினியச் சட்டம் ஒரு மூலையில் உள்ளே மடிந்துவிட்டது. அதற்காக லொறிக்காரரோடு மாமா சண்டை பிடித்தார். "இது என் மருமவன் வாங்குனதுடா" என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அந்தக் குரல் பொய்யென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பதுளையில் எங்கள் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கராஜின் சுவரோடு ஒட்டியிருந்தது. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் கரண்டு கொடுக்க மாட்டார்கள். டவுனுக்கு நடுவில், சுற்றி எல்லாக் கடையிலும் லைட் எரிய, நாங்கள் மட்டும் தோட்டத்திலிருந்து கொண்டு வந்த பேனலில் இருந்தோம். மாமா வந்து தகரக் கூரையில் பூட்டிக் கொடுத்தார். நான் ஒரு புடவைக் கடையில் மடித்து வைக்கிற வேலைக்குப் போனேன். அம்மா சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள்.

பதுளை ஒரு சட்டிக்குள் இருக்கிற மாதிரி. சுற்றி மலை, நடுவில் டவுன். விடியற்காலையில் தூர பஸ்கள் எல்லாம் எஞ்சினைப் போட்டுவிட்டு நிற்கும். டிரைவர்மார் டீ குடித்து முடிக்கும் வரைக்கும் அது கர் கர் என்று உறுமிக்கொண்டே இருக்கும். வருகிற கறுப்புப் புகை மேலே போகாது. எங்கள் கூரைக்கும் கராஜ் கூரைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு நிற்கும். அதோடு பேக்கரி விறகுப் புகை. அதோடு கராஜில் பழைய டயர் எரிக்கிற நாற்றம். அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கொடியில் போட்டு எடுத்தால் சாம்பல் நிறமாக இருக்கும்.

"என்னாங்க, சேலைக்குச் சாயம் போடுறீங்களா?" என்று கராஜ்காரர் கேட்பார்.

"உங்க பஸ்காரன் போட்டுத் தர்றான், சும்மா" என்பாள் அம்மா.

அந்தப் புகைக்காக நாங்கள் என்னவெல்லாமோ செய்தோம். குடத்துக்குத் துணி கட்டினோம். இடியப்பத் தட்டை மூடி வைத்தோம். சாமி படத்தைத் தினமும் துடைத்தோம். பேனலை மட்டும் தொடவில்லை. தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். "அதுல அவன் வெரல் இருக்கு. துணி பட்டுப் பட்டுத் தேஞ்சிரும். மழை கழுவிக்கும், விடு." மழை பெய்தது. அந்தப் புகையில் எண்ணெய்ப் பசை இருந்ததால் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர எதையும் கழுவவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

முதல் மாதம் லைட் ஒன்பது மணிக்கு நின்றது. அடுத்த மாதம் எட்டரை. பிறகு சோறு வேகும்போதே கன்ட்ரோலரில் சிவப்பு வந்துவிடும். டீவியை முதலிலேயே நிறுத்திவிட்டோம்.

லைட் நின்றால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? லைட்டு போயிருச்சு என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஏழரைக்கே நின்றது. அம்மா அடுப்படியில் இருந்து, "இன்னிக்கு வெள்ளனவே போயிட்டான்" என்றாள்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னாள். "போயிட்டான்."

அதற்குப் பிறகு அவள் அதை மாற்றிச் சொல்லவேயில்லை. லைட் வந்தால் "வந்துட்டான்." நின்றால் "போயிட்டான்." சாயங்காலம் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொள்வாள். டியூபின் கீழே பலகையைப் போட்டு உட்கார்ந்து பேசுவாள். கடையில் யார் என்ன சொன்னார்கள், அரிசி மா சரியில்லை, தங்கச்சி முதலாளியம்மாவிடம் பேச்சு வாங்கினாள், எல்லாம். எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பேசுவதற்கு ஒருவர் இருக்கிற மாதிரி எனக்கும் இருந்தது.

அவள் பயம் வேறு. ஒவ்வொரு வாரமும் அவன் தங்குகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. "நம்ம மேல கோவம் போல. லயத்தை விட்டுட்டு வந்துட்டோம்ல" என்றாள். ஒரு நாள், "நாந்தான் அந்தக் கல்யாணத்துக்குப் போடான்னு சொன்னேன். அது இப்பத்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கு" என்றாள். அவன் பேரில் அர்ச்சனை செய்தாள். வெள்ளிக்கிழமை சோறு சாப்பிடாமல் இருந்தாள். லைட் நிற்கிற நேரம் ஏழு மணிக்கு இறங்கிவிட்டது. பிறகு ஆறே முக்கால்.

என்னால் தாங்க முடியாமல் கடைக்குப் பக்கத்து கொமியூனிகேஷனில் இருந்து மாமாவின் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். "மாமா, லைட்டு நிக்க மாட்டேங்குது. அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க. வந்து பாருங்க."

மறுவாரமே வந்தார். அவருக்கு அம்மாவே எல்லாம் சொன்னாள். போயிட்டான், வந்துட்டான், கோவம், கல்யாணம், எல்லாம். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூரைக்கு ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மேலே அதிக நேரம் இருக்கவில்லை. மீட்டரை எடுக்கவில்லை. வயரைக் கழற்றவில்லை. கண்ணாடியில் ஒரு விரலை வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். காக்கித் துணியில் மை பூசிய மாதிரிக் கறுப்பு ஒட்டியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

இறங்கி வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"அக்கா, பேனலு செத்துப்போச்சு."

அம்மா அவரையே பார்த்தாள். "அப்ப அவன்?"

மாமா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் வேறு எதையும் சொல்லியிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வா என்று என்னிடம் சொல்லியிருக்கலாம்.

"அவனும் போயிட்டான்க்கா" என்றார். "விடு. இனி வரமாட்டான். செத்தவங்க சாமானை வீட்டுல கட்டி வச்சிருந்தா அவங்களுக்கும் போக வழி இருக்காது, இருக்கிறவங்களுக்கும் நிம்மதி இருக்காது. இதை நான் கொண்டு போறேன். எங்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு, அதைப் பூட்டித் தாறேன். ஒரு லைட்டுக்குப் போதும்."

அம்மா அழவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அண்ணன் கட்டிய நீலக் கோடு போட்ட சாரத்தை எடுத்து வந்தாள். பேனலை இறக்கியதும் அந்தச் சாரத்தில் தானே சுற்றிக் கொடுத்தாள். பொட்டு இருந்த மூலையை மட்டும் திறந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். சவத்தைக் கொண்டு போகும்போது முகத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. மாமா அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

சின்னப் பேனல் புதிதில் எட்டு மணி வரைக்கும் எரிந்தது. அம்மா அதன் கீழே உட்காரவில்லை. அதனோடு பேசவும் இல்லை. சோறாக்கினாள், படுத்தாள். மாமா செய்தது நல்லதுதானோ என்று நானும் நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து மாமாவின் மகள் வயசுக்கு வந்த சடங்கு. வெலிமடைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அம்மா வரவில்லை. "வெள்ளச் சீலக்காரி எதுக்கு முன்னால நிக்கணும்? நீ போய்ச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு வா" என்று தட்டையும் பூவையும் கொடுத்து அனுப்பினாள்.

மாமா வீடு சரிவில் கட்டியது. மேல்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பின்கூரை இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். கை நீட்டினால் தகரத்தைத் தொடலாம். அந்தக் கூரையில் ஒரு பெரிய பேனல் இருந்தது. வெயிலில் மின்னியது. கீழே பாட்டுப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு இறங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மூலையில் சட்டம் உள்ளே மடிந்திருந்தது.

கயிறு இறுக்கிய மடிப்பு அது. கிட்டப் போனேன். பொட்டு இருந்த இடத்தைத் தேடினேன். பொட்டு இல்லை. பிளேடால் சுரண்டிய கீறல்கள் இருந்தன. சட்டத்தின் விளிம்புக்கு அடியில், பிளேடு எட்டாத இடத்தில், நகக்கண் அளவுக்குச் சிவப்பு மிச்சம் இருந்தது.

அத்தை என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். மாமாவின் மனைவி வெள்ளந்தியான பெண். எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"அங்கன என்னாத்தப் பாக்குற? பேனலா? நல்லா இருக்குல்ல? நாந்தான் வாரா வாரம் தொடைக்கிறேன். லீக்ஸ் ஏத்துற மரக்கறி லொறியெல்லாம் இந்த ரோட்டுலதான போகுது, ஒரே தூசி. உங்க மாமா சொல்லியிருக்காரு, தொடைக்காட்டி பாதி வெளிச்சம் போயிருமாம். உங்க அண்ணன் அப்பிடித்தான் ஞாயித்துக்கெழம தவறாமக் கூரையில ஏறிப் பொட்டுல படாமச் சுத்தித் தொடைப்பானாம். அவன மாதிரிப் பாத்துக்கிடணும்னு எங்கிட்ட ஏச்சு."

என் கையில் தட்டு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

மாமா பட்டு வேட்டியில், வாயில் வெற்றிலையோடு முன் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா பாப்பா, அம்மா வரலியா?" என்றார்.

"மேல இருக்கிறது எங்க பேனலு."

"எது?"

"பொட்டைச் சொரண்டியிருக்கீங்க மாமா."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "கத்தாத. சடங்கு வீடு."

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்க."

"செத்துத்தான் கெடந்துச்சு. நான் கொண்டாந்து சர்வீஸ் பண்ணி..."

"என்னா சர்வீஸு?" என்றாள் பின்னாலேயே வந்த அத்தை. "சவுக்காரம் போட்டுக் கழுவுனது நாந்தான? மூணு வாளித் தண்ணி. கரியா ஊத்துச்சு."

வாசலில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார்கள். மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க பாரு பாப்பா. டவுன்ல அந்தப் புகைக்குள்ள வச்சிருந்தா எப்பிடியும் பாழாத்தான் போகும். இங்க ஒரு புள்ள படிக்குது. அதுக்கு ஒரு லைட்டு வேணும்ல? நீ என்ன, படிக்கவா போற?"

நான் ஆறாம் வகுப்புதான். ஆனால் ஒன்று கேட்டேன்.

"பேனலைக் கேட்டிருந்தா அம்மா குடுத்திருக்கும் மாமா. தம்பிக்கு இல்லாததான்னு குடுத்திருக்கும். அவன் போயிட்டான்னு ஏன் சொன்னீங்க?"

"அக்கா நிம்மதியா இருக்கணும்னுதான்."

"பொட்டைச் சொரண்டுனதும் அதுக்குத்தானா?"

அவர் என் கையை விட்டார். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மாமாவை விட அண்ணன்தான் நினைவில் வந்துகொண்டிருந்தான். அந்த ஈரத்துண்டு. ஸ்டோர் புகைக்கூண்டு எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருந்தது. அந்தக் கரியை அவன் வாரா வாரம் துடைத்தான். அதனால்தான் பத்து மணி வரைக்கும் வெளிச்சம். நாங்கள் அதைப் பேனலின் குணம் என்று நினைத்தோம். அவனைப் பீடி குடிக்கிறவன் என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. யோசித்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

அம்மா இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துத் துடைத்து வைத்தாள்.

"பொட்டு?"

"இல்லம்மா. சொரண்டிட்டாங்க."

"கொஞ்சங்கூட இல்லியா?"

"சட்டத்துக்கு அடியில கொஞ்சூண்டு இருக்கு."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என் மேல் பாய்ந்தாள். "நீ ஏண்டி வந்து சொன்ன? போயிட்டான்னு நெனச்சு இப்பத்தான் ஆறிக்கிட்டு இருந்தேன். இப்ப என்னா சொல்ற? அவன் கோவப்படவும் இல்ல, போகவும் இல்ல, வரவும் இல்ல. அம்புட்டும் பஸ்ஸுப் புகை. அப்பிடித்தான?"

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீர், சவுக்காரத் துண்டு, என் பழைய பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினேன். சின்னப் பேனலின் மேல் கறுப்பு, விரல் வைத்தால் ஒட்டுகிற கறுப்பு. முதல் தடவை தேய்த்தபோது பரவியது. இரண்டாம் தடவைதான் விட்டது. தண்ணீர் தகரத்தில் கரியாக ஓடி அம்மா நின்ற வாசலில் விழுந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் எஞ்சினைப் போட்டுவிட்டு நின்றது. நான் துடைக்கத் துடைக்க அது புகையை விட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது தயார் செய்கிறது என்று நினைத்தேன்.

"மேல என்னாடி பண்ற?" என்று அம்மா கேட்டாள். "பீடி குடிக்கிறியா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அதைக் கேட்டது அவள்தான்.

"ஆமாம்மா" என்றேன். "ஒரு கட்டு முடிஞ்சுருச்சு."

அன்றைக்கு ஒன்பது மணி வரைக்கும் எரிந்தது. அம்மா அடுப்படியில் இருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்து, "லைட்டு இன்னும் இருக்கு" என்றாள். இருக்கு என்றாள். இருக்கான் என்று சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லில் அண்ணன் எங்கள் வீட்டை விட்டு இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது. லொறிக்கு மனசு கிடையாது, அதன் மேல் கோபப்பட முடியாது. இந்தத் தடவை அவனை அனுப்பியது எங்கள் மாமா.

அண்ணனின் வருஷத் திவசத்துக்கு மாமா வந்தார். வராமல் இருக்க முடியாது, தாய்மாமன். கையில் வாழைப்பழச் சீப்பும் கற்பூரமும். நான் உள்ளே இருந்தே வாங்க என்றேன், வெளியே வரவில்லை. அம்மா எப்போதும் போலப் பலகையைப் போட்டாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், பனங்கட்டித் துண்டு வைத்தாள். எனக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. எப்படி இப்படி இருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படைத்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா சுவிட்சைப் போட்டாள். முந்தின நாள்தான் துடைத்திருந்தேன். டியூப் பளிச்சென்று எரிந்தது. மாமா நிமிர்ந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா எரியுதே" என்றார்.

"எரியுது தம்பி" என்றாள் அம்மா. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. உப்பு சரியா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"போயிட்டான்னு சொன்னியே?"

மாமா டீயை வாய்க்குக் கொண்டு போனவர் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.